தேய்த்த வால்

2023 ஜூன் 9, வெள்ளிக்கிழமை. குத்தாலத்துக்குத் தெற்கே நெடுமாறனின் வயலில் பண்ணைக்குட்டைக்காகப் பொக்லைன் தோண்டியபோது, பத்தடி ஆழத்தில் உலகப்போர்க் காலத்துப் போர் விமானம் ஒன்றின் வால்பகுதி கிடைத்தது.

அது கடைமடை. பாகம் பிரித்தபோது வாய்க்காலை ஒட்டிய தலைமடையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் கடைசியில் வந்து சேரும் அந்த மூன்று மா நிலத்தை அண்ணன் முருகையன்தான் தம்பி பக்கம் தள்ளிவிட்டிருந்தார். இருபது வருஷமாக அதில் அவருக்கு ஒரு நிம்மதி. இப்போது கடைமடைக்குக் கார் வந்தது, மைக் வந்தது. "ஏரோப்ளேன்காரர் வூடு எதுங்க?" என்று டீக்கடையில் இவரிடமே வழி கேட்டார்கள்.

வால் கிடைத்த அன்று சாயங்காலம், ஊர் கூடுவதற்கு முன், முருகையன் தனியாகப் போய்ப் பார்த்திருந்தார். களிமண்ணை உள்ளங்கையால் வழித்ததும் பெரிதாய் இரண்டு வெள்ளை எழுத்துகள், கீழே கறுப்பில் பொடியாய் ஓர் எண். செல்போனில் படம் எடுத்தார். பிறகு மண்ணைத் திரும்பப் பூசிவிட்டார். மனைவி அம்சவல்லியிடம் மட்டும் படத்தைக் காட்டினார்.

வாலைப் பார்வையிட அதிகாரி வருகிற நாள் காலையில், ஆயுதபூஜைக்கு டிராக்டரைக் கழுவுவது போல நெடுமாறன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் வாலைத் தேய்த்தான். சந்தனப் பொட்டும் வைத்தான். சேற்றோடு சேர்ந்து பெயின்ட்டும் வழிந்து ஓடியது.

"எப்புடி மின்னுது பாத்தீங்களாண்ணே?"

"அந்த ஓரத்துல இன்னும் அழுக்கு இருக்கு பாரு. நல்லா அழுத்தித் தேய்டா" என்றார் முருகையன், வரப்பில் நின்றபடியே.

டெல்லியிலிருந்து வந்த அதிகாரி சந்திரலேகா தகட்டை விரலால் தடவி, எழுத்து இருந்த தடம் ஏதும் இருக்கிறதா என்று தேடினார்.

"நம்பர் இருந்திருந்தா ஓட்டினவர் யாருன்னு சொல்லியிருக்கலாம். இன்னும் தேடிக்கிட்டிருக்கிற குடும்பங்க இருக்கு. தேய்க்கறதுக்கு முன்னாடி யாராவது கிட்டக்க போட்டோ எடுத்தீங்களா?"

நெடுமாறனின் முகம் சுருங்கிப்போனது. "தெரியாம பண்ணிட்டேம்மா" என்றான்.

அம்சவல்லி கணவரின் சட்டைப்பையைப் பார்த்தாள். படத்தைக் கொடுத்தால் பேப்பரில் என்ன வரும் என்று முருகையன் நினைத்துப் பார்த்தார். தம்பியின் வயல், தம்பியின் விமானம். கடைசி வரியில் தன் பெயர்.

"நாங்கள்லாம் இன்னிக்குத்தாங்க கிட்டப் போயிப் பாக்குறோம்" என்றார்.

அம்சவல்லி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் வாலை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அறிக்கையில், அடையாளக் குறிகள் இல்லை என்று எழுதியிருந்தது. விமானியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருந்தது.