கல்லின் மறுபுறம்

நேற்றிலிருந்து வெல்மாவுக்கு ஒரு வாய் சோளரொட்டிகூட இறங்கவில்லை. படைவீரர் கல்லறைத் தோட்டத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் இனிமையாகத்தான் சொன்னாள். சாகக்கிடக்கும் ராய்ஸுக்கு அங்கே இடம் உண்டு. மனைவிக்கும் அதே குழியில் இடம் உண்டு. கல்லின் முன்புறம் அவர் பெயர், மறுபுறம் மனைவி பெயர். விவாகரத்தானவர்களுக்கு மட்டும் கிடையாது.

விவாகரத்து வாங்கியவளே வெல்மாதான். வியட்நாமிலிருந்து திரும்பி, குடியே கதியென்று கிடந்தவனைக் கோர்ட்டுப் படியேறித் துரத்திவிட்டாள். குடியை விட்டபின் ஒருநாள் ஒழுகும் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்த ராய்ஸ், அப்புறம் போகவேயில்லை. மறுபடி கல்யாணம் செய்துகொள்ள இருவருக்கும் சோம்பல். கல்யாணத்துக்குச் சோம்பல் பட்டவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

இன்று மகன் க்ளிண்ட் அலைந்து திரிந்து திருமண உரிமம் வாங்கிவந்துவிட்டான். போதகரும் ஆஸ்பத்திரிப் படுக்கையருகே நின்றார். ராய்ஸுக்கோ காலையிலிருந்து நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அவன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குள் போய்விட்டால்? அதைவிட, வேண்டாம் என்றுவிட்டால்? துரத்தியவளுக்கு அப்படியொரு பதில் வந்தால் அதைத் தப்பென்று சொல்ல முடியுமா?

"யோவ் ராய்ஸ், கேக்குதா? நம்ம கல்யாணம்யா."

அவன் மெல்லக் கண் திறந்தான். "மறுபடியுமா? போன தடவ பட்டது பத்தாதா?"

"வெளையாடாதய்யா. இல்லன்னா என்னை உன்கூடப் பொதைக்க மாட்டாங்களாம்."

"யாரு மேல, யாரு கீழ?"

"முன்னாடி போறவங்க கீழ."

"அப்ப அங்கயும் என் தலைமேலதான் ஏறி உக்காருவியா!" சிரிக்கப்போய் இருமினான். போதகர் கேட்டதும் தெளிவாகவே சொன்னான்: "சம்மதம்."

அடுத்து போதகர் வெல்மாவைக் கேட்டார். அவன் பதிலுக்கே இத்தனை நேரம் பயந்துகொண்டிருந்தவளுக்குத் தானும் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்பது மறந்தே போயிருந்தது. வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. ராய்ஸின் இமைகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

"அம்மா, சொல்லும்மா!" க்ளிண்ட் பதறினான்.

"சொல்லித் தொலைடி," ராய்ஸ் முனகினான். "தூக்கம் வருது."

"சம்மதம்!" கத்தியேவிட்டாள். என்னவோ ஏதோ என்று நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

அன்று மூடிய கண்ணை ராய்ஸ் திறக்கவில்லை.

கல் நட்டாயிற்று என்று தகவல் வந்ததும் அம்மாவும் மகனும் போனார்கள். நூல் பிடித்த மாதிரி வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், எல்லாம் ஒரே உயரம். க்ளிண்ட் தேடிக் கண்டுபிடித்து, அப்பாவின் பெயருக்கு முன்னால் சின்னக் கொடியொன்றை ஊன்றினான். நிமிர்ந்து பார்த்தால் அம்மா பக்கத்தில் இல்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்று, எதுவும் எழுதாத வெறும் பளிங்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா பேரு இந்தப் பக்கம்."

"தெரியும்டா," என்றாள் வெல்மா. "இது என் பக்கம்."