சும்மா நிற்கிறவனுக்கு முதல் வெற்றிலை

மலைமேல் குண்டனி நாட்டு மாரியம்மன் நோன்புத் திருவிழாவில் மேளத்துக்குப் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் அப்பாசாமி. அவன் எதையும் அடிப்பதில்லை, ஊதுவதுமில்லை. சிவப்புத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நிற்பான். துண்டு உயர்ந்தால் மேளம் ஏறும், தாழ்ந்தால் அடங்கும். பூசை முடிந்ததும் முதல் வெற்றிலை அவனுக்குத்தான்.

செங்கோடனுக்கு அது பொறுக்கவில்லை. மத்தளத்தில் அவனை மிஞ்ச மலையில் ஆள் கிடையாது. நோன்பு முடிவதற்குள் விரல் வெடித்து ரத்தம் கசியும். அவனுக்கு ஐந்தாவது வெற்றிலை. போதாததற்கு அப்பாசாமி அவன் மனைவி பெருமாயியின் அண்ணன்.

"எங்கண்ணன் துண்டைத் தூக்குனா எனக்கு மேலெல்லாம் புல்லரிக்குதுங்க," என்றாள் அவள், களி கிண்டிக்கொண்டே.

"ஈ ஓட்டறவங்கூடத்தான் துண்டை வீசுவான். அதொரு வேலையா?"

அன்று அவன் களியைத் தொடவில்லை.

உலக யுத்தம் தொடங்கிய வருஷத்து நோன்பு. ஆட்டக்காரர்கள் வட்டம் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். துண்டு பெரிதா மத்தளம் பெரிதா, ஊர் பார்க்கட்டும் என்று செங்கோடன் சட்டென இரட்டை வேகத்தில் அடித்தான். கொம்புக்காரன் தடுமாறினான். மற்ற மேளங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. வட்டத்தில் பெருமாயியின் கால் பின்னியது. அதைக் கண்டும் அவன் நிறுத்தவில்லை.

அப்பாசாமி முறைக்கவில்லை. ஒரு கணம் கண்ணை மூடிக் கேட்டான். இடது கையைக் காட்டிக் கொம்பை அமர்த்தினான். பிறகு துண்டைச் செங்கோடனின் வேகத்துக்கே வீசி, ஒவ்வொரு மேளமாக அதில் கொண்டுவந்து சேர்த்தான். ஆட்டம் சூடு பிடித்தது. சனம் கூவியது.

"இந்த வருசம் என்னமாத் திருப்பிட்டான் பாருங்க!" என்று ஊர்க்கவுண்டர் அப்பாசாமிக்கு முதல் வெற்றிலையை நீட்டினார்.

செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. கோயிலுக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றான். அப்பாசாமி அங்கே வந்தான்.

"மாப்ளே, உன்னையாட்டம் அடிக்க எனக்கு ஏழு சென்மத்துக்கும் வராது. உம்மேல எனக்கு எத்தனை வயித்தெரிச்சல்னு உனக்குத் தெரியாது. ஆனா அடியில வேகமா ஓடறதுன்னா என்னைய ஒரு பார்வை பாத்துட்டு ஓடு. தங்கச்சி விழுந்திருப்பா."

இவனுக்கும் தன்மேல் பொறாமையா என்பது செங்கோடன் காதுக்கு இனித்தது. அப்படி இனித்தது வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் மஞ்சள் நீராட்டுக்கு மேளம் கூடியது. எரிச்சல் அவனுக்குள் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் முதல் அடிக்கு முன்னால் தலையைத் தூக்கி அப்பாசாமியைப் பார்த்தான்.