ஈர வண்டல்

ஊரில் கோடைக்குக் கண்மாய் வற்றி, பாளம் பாளமாக வெடித்த பிறகுதான் வயலுக்கு வண்டல் வெட்டுவார்கள். மலாயாவில் கிள்ளானுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்து அணைக்குளமோ வற்றிய நாளே கிடையாது. வற்றட்டும் என்று காத்திருந்தால் பேரன் பேத்தி எடுத்துவிடலாம் என்று கேலி பேசினான் வேலாயுதம். பேசியதோடு நின்றிருக்கலாம்.

ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். வாரத்தில் பாதி நாள்தான் வேலை. காய்கறி போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் துண்டு நிலம் கொடுத்திருந்தார் துரை. வெறும் செம்மண் மேடு. கீரைகூட வேண்டா வெறுப்பாகத்தான் முளைத்தது. வேலாயுதத்துக்கு அதைவிடப் பெரிய கவலை வீட்டில் இருந்தது. மனைவி நல்லம்மாளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. கைப்பிள்ளை சபாபதியின் உயிர் செவலைப் பசுவின் மடியில்தான் இருந்தது.

"அணைக்குளத்துல இடுப்பளவு தண்ணிதான். அடியில பூரா சேறு. மேட்டுல ரப்பருக்குப் போட்ட பாஸ்பேட் உரமெல்லாம் மழையில அடிச்சிக்கிட்டு வந்து அங்கதான் படுத்துக் கெடக்கு. சும்மா விடலாமா?" என்றான் லயத்து ஆட்களிடம்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சேறு அந்த உரத்தைப் பிடித்து வைத்திருந்ததால்தான் மேலே தண்ணீர் நல்லதாக இருந்தது. அந்தப் பாதி அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆணும் பெண்ணுமாகக் குளத்தில் இறங்கினார்கள். கூடை கூடையாக ஈர வண்டலைக் கரையேற்றித் துண்டு நிலங்களில் கொட்டினார்கள். கரையேறியதைவிடக் கலங்கியது அதிகம். குளமே காப்பி நிறமானது, பிறகு தெளிந்தது. காய்கறிப் பாத்திகளில் பூசணிக்கொடி ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் கங்காணியே வாயைப் பிளந்தார். வேலாயுதத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் மழை நின்று வெயில் காய்ந்தது. சேற்றைவிட்டுக் கிளம்பிய உரம் தண்ணீரில் சும்மா இருக்குமா? குளத்தில் பச்சை படர்ந்தது. முதலில் லேசாக, பிறகு பெயிண்டை ஊற்றினாற்போல. மீன்கள் செத்து மிதந்தன. லயத்துக் குழாய்க்கு வந்ததும் அந்தத் தண்ணீர்தான்.

"ஏங்க, தண்ணி வாடை அடிக்குது," என்றாள் நல்லம்மாள்.

"பாசிதான புள்ள. கொதிக்க வச்சா ஒண்ணும் ஆவாது."

செவலைக்கு யார் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள்? பச்சை கெட்டியாக ஒதுங்கிய கரையோரம் அது வயிறு நிறையக் குடித்தது. பொழுது சாய்வதற்குள் காலை உதைத்துக்கொண்டு செத்தது.

"அடிச்சேத்தக் கிளறி விட்டுட்டீங்க. அதான் இந்தப் பாசி," என்றார் பார்க்க வந்த டிரெசர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். நல்லம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு தண்ணீருக்கு எங்கே போவது? மழைநீர் பிடிக்கலாமென்றால் வானம் கண் திறக்கவில்லை. பிள்ளைக்கு அன்றிலிருந்து அரிசிக் கஞ்சிதான். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் நல்லம்மாள் காய்ச்சினாள். பாசியில் கொதித்தும் போகாத விஷம் உண்டென்று அந்த லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. டிரெசர் கொடுத்த மருந்தையும் அதே தண்ணீரில்தான் கலக்கிப் புகட்டினார்கள். முதலில் பிள்ளை அழுவதை நிறுத்தியது. அந்த வாரமே மூச்சும் நின்றது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. புதைத்துவிட்டுத் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். நல்லம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்கண்ணே. பூசணிக்கா கொழம்பு. நீங்க எடுத்துக் குடுத்த வண்டல்ல காச்சதுதான், தேனா இருக்கு."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். வேலாயுதம் ஒரு வாய் எடுத்து வைத்தான். இனிக்கத்தான் செய்தது. கண்ணில் நீர் முட்ட, தட்டைத் தள்ளி வைக்கப் போனான்.

நல்லம்மாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அவருக்கு இன்னும் கொஞ்சம் போடுக்கா."