கோழிக்கு வாங்கிய பொடி

அந்த அறைக்குள் யார் வந்தாலும் மஞ்சள் அங்கி, கையுறை, முகமூடி என்று மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அழகம்மாவைப் பார்க்க அப்படி வர, ஆஸ்பத்திரி ஆட்களைத் தவிர வேறு யாரும் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. கரங்கானில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஆறாயிரம் கோழிகளோடு தனியாகக் கிடந்தவளுக்கு, இங்கே கோழிச் சத்தமும் இல்லாமல் போனதுதான் பெரிய குறை.

கொட்டகைக் கம்பி கிழித்த கால். பதினெட்டு நாளாகியும் ஆறவில்லை.

"மூணு மருந்து மாத்தியாச்சுக்கா, கிருமி எதுக்கும் அசையல," என்றாள் டாக்டர் ஷீலா. "நீங்களா ஏதாச்சும் உபாட், மருந்து கிருந்து போட்டீங்களா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"இது மேல ஏறுச்சுன்னா முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

டாக்டர் போன பிறகு, துணிப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். கோழி தும்மினால் தண்ணீரில் கலக்கும் பொடி. தும்மாவிட்டாலும் கலப்பதுதான். கீறலோ காய்ச்சலோ, அவளுக்கும் புருஷனுக்கும் இதேதான் மருந்து. ஒரு சிட்டிகை கோப்பியில் போட்டுக் குடிப்பதும் உண்டு. கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் கோழியை யார் பார்ப்பது? காலில் இருந்த கட்டைத் தளர்த்திப் புண்ணில் தூவினாள். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறதென்று புருஷன் சொல்வான்.

போன் அடித்தது. தீவன லோரி ஓட்டும் புவனேசன். அவள் வரும்வரை கொட்டகையைப் பார்த்துக்கொள்பவன்.

"கோவப்படாதீங்க லா அக்கா. இன்னைக்கு மட்டும் நூத்திப் பத்து கோழி போயிருச்சு."

"பொடி கலக்கலையா நீ?"

"கலக்காம? நேத்து ரெட்டிப்பு, இன்னைக்கு மூணு மடங்கு. குடிக்குது, தும்முது, விழுது. ஒரு கரண்டி போதும்னு சொன்னீங்களே?"

"அது அப்போ."

"இப்ப கேக்க மாட்டேங்குதுக்கா. சீனியக் கரைச்சு ஊத்துன மாதிரிதான் இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் பொட்டலம் திறந்தபடி கிடந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். தம்பி, ஒங்கையில காயம் கீயம் பட்டா அந்தப் பொடியத் தொடாத."

மணியை அழுத்தினாள். நர்ஸ் மிஸ்ஸி அங்கி மாட்டிக்கொண்டு வரக் கால்மணி நேரமானது.

"டாக்டரம்மாவ வரச் சொல்லு. பொய் சொல்லிட்டேன்."

ஷீலா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "எத்தன வருஷமா?"

"கொட்டாய் போட்டதுலேருந்து. பன்னெண்டு."

"இங்க வந்த பெறகுமா?"

"தெனமும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மருந்தத் தின்னே பழகுன கிருமிக்கா இது. கோழிக்குள்ள வளந்து ஒங்க காலுக்கு வந்திருக்கு. இன்னும் ஒரே ஒரு மருந்துதான் மிச்சம். கிட்னியத் தாக்கலாம். இன்னைக்கே ஏத்துறோம். அதுவும் கேக்கலன்னா..."

"காலு."

"ஆமா. வீட்டுல யார்கிட்ட சொல்லணும்? சம்மதக் கையெழுத்து வேணும்."

"வீட்டுலயா?" அழகம்மா கையை நீட்டினாள். "பேனாவ இங்க குடுங்க."