கரும்புக் கட்டுக்கு மூணு கிடையாது

என் தம்பி தேவா என்னிடம் சொன்ன முதல் பொய், செம்பட்டை ஜெயித்துவிட்டான் என்பதுதான்.

செம்பட்டை அமெரிக்காக்காரன். டிவியில் மல்யுத்தம் போடுகிறவன். அவனுடைய இங்கிலீஷ் பேர் வாயில் நுழையாததால், முடியின் நிறத்தைப் பார்த்து தேவா வைத்த பேர் அது. அவனோடு மோதுகிற ஏழடி ஆளுக்கு மாடிவீடு என்று பேர். வளவனூரில் சலூன்கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சேனலைப் போடுவார். பன்னிரண்டு வயசுப் பையன் சலூன் பெஞ்சில் போய் உட்காரலாம். பதினைந்து வயசுப் பெண் உட்கார முடியாது. ஆகவே நான் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் தேவாவின் வாயால் கேட்டது.

நான் அப்போது அம்மாவோடு கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். தேவாவை அம்மா கரும்புக்காட்டுப் பக்கமே விடமாட்டாள். அவன் படிக்கவேண்டும், அதற்காகத்தான் நான் எட்டாவதோடு நின்றேன். அதில் எனக்கு வருத்தம் இருந்தது என்றோ இல்லை என்றோ சொல்லத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

கரும்புச் சோகை கிழித்த கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் எதிரில் நின்று மொத்த ஆட்டத்தையும் ஆடிக்காட்டுவான். செம்பட்டையும் அவனே, மாடிவீடும் அவனே, தரையில் அடித்து மூணு எண்ணுகிற நடுவரும் அவனே. மூணு எண்ணி முடிப்பதற்குள் தோளைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் ஆட்டம் தொடரும். தூக்காவிட்டால் தோல்வி. அந்த ஒரு சட்டம் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற பெரிய பெல்ட்டுக்கான ஆட்டம் நடந்த அன்றைக்கு ஓடிவந்து சொன்னான். செம்பட்டை ரெண்டரையில் தோளைத் தூக்கிவிட்டானாம். அப்புறம் மாடிவீட்டைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே போடாகப் போட்டானாம். கை எரிச்சல் எனக்கு மறந்தே போனது.

பத்து வருஷம் கழித்து வீட்டில் நெட் போன் வாங்கியபோது அந்த ஆட்டத்தை அவனே தேடிப் பிடித்துக் காட்டினான். செம்பட்டை தோற்றிருந்தான். தோள் தூக்கியதென்னவோ உண்மை. ஆனால் மூணு விழுந்த பிறகு.

"ஏண்டா அன்னிக்கிப் பொய் சொன்ன?" என்றேன்.

"உன் கையப் பாத்தேன். அதோட இது வேறயான்னு மாத்திட்டேன்."

அதைச் சொல்லும்போது அவன் கட்டிலில் படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி எதுவும் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவன் கரும்பு லாரியிலிருந்து வழுக்கி விழுந்தான் என்றுதான் ஊருக்குத் தெரியும். அம்மாவுக்கும் அப்படித்தான் தெரியும். சாகும்வரை அந்த லாரியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். சொன்னது நான். தேவா தலையை ஆட்டினான்.

நடந்தது இதுதான். ரெண்டாயிரத்து மூணு, மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நெல்லடிக்கும் சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது. செம்பட்டை மாடிவீட்டைத் தூக்கிய மாதிரி என்னைத் தூக்கு என்று தேவா நச்சரித்தான். அந்த வீட்டில் பலசாலி நான்தான். இந்த ஆட்டத்தில் தூக்குகிறவன் மட்டும் தூக்குவதில்லை, தூக்கப்படுகிறவனும் கூடவே எகிறவேண்டும் என்று அந்த வயசிலேயே உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தான். மூணு சொல்லு, நான் எகிறுகிறேன், நீ தூக்கு என்றான். சரி என்றேன்.

ஒண்ணு சொன்னேன். ரெண்டு சொன்னேன்.

கரும்புக் கட்டுக்கு மூணு கிடையாது. ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூன்றாவது ஆளின் தலையில் ஏற்றுவோம். ஒண்ணு, ரெண்டு, அப்புறம் ஒரு மூச்சு இழுப்பு. அந்த மூச்சில் கட்டு மேலே போய்விடும். மூணு என்று வாயைத் திறந்தால் பிடித்த மூச்சு போய்விடும், கட்டு ஏறாது. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு தூக்கினேனோ, அத்தனை தடவை உடம்பு அதைப் படித்திருந்தது. ரெண்டு சொல்லி மூச்சை இழுத்தேன், கை தூக்கிவிட்டது.

அவன் மூணுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். எகிறவில்லை. பாதி தூக்கிய உடம்பு என் தோளில் திருகிக்கொண்டு பின்பக்கமாகச் சரிந்தது. களத்தின் விளிம்பில் முதுகு பட்டது.

அம்மா ஓடி வந்தபோது பக்கத்தில் லோடு லாரி நின்றிருந்தது. லாரி என்று வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.

அதற்குப் பிறகு நானும் தேவாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கல்யாணமாகித் திண்டிவனம் வந்தேன். மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லில் மூட்டை தைக்கிற வேலை. அம்மா செத்ததும் தேவாவைக் கூட்டிவந்து முன்னறையில் கட்டில் போட்டேன். காலையில் என் வீட்டுக்காரர் கண்ணையன் தோள்பக்கம் பிடிப்பார், நான் கால்பக்கம் பிடிப்பேன். தூக்கி உட்காரவைத்து, துடைத்து, புண்ணுக்கு மருந்து வைத்து, மூத்திர ட்யூபை மாற்றிவிட்டு வேலைக்குப் போவேன். கண்ணையன் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், நல்ல மனுஷன். மாடிவீட்டுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் என்ன செய்திருப்பான் என்று தேவாவைச் சீண்டுவார். "மேல் போர்ஷன வாடகைக்கு உட்டிருப்பான் மாமா" என்பான் இவன்.

தேவா போனில் பேசிப் பதிவு போட ஆரம்பித்தது அந்த அறையில்தான். 'இப்படி நடந்திருந்தா' என்று பேர் வைத்தான். ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வான், அதில் ஒரே ஒரு இடத்தை மாற்றுவான், அப்புறம் என்னென்ன மாறியிருக்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவான். ஆறாயிரம் பேர் கேட்டார்கள். அவர்களுக்கு அவன் படுத்துக்கொண்டு பேசுகிறான் என்று தெரியாது.

அவனுக்குப் பெரிய பேர் வாங்கிக்கொடுத்தது செம்பட்டையின் தோள்தான். அன்றைக்கு அவன் ரெண்டரையில் தூக்கியிருந்தால் பெல்ட் அவனுக்கு வந்திருக்கும். மாடிவீடு கோபித்துக்கொண்டு, மல்யுத்தம் நடத்துகிற எதிர்க் கம்பெனிக்குப் போயிருப்பான். அவனைப் பார்க்கக் கூட்டம் அங்கே போயிருக்கும். ரெண்டு வருஷத்தில் இழுத்து மூடிய அந்தக் கம்பெனி மூடியிருக்காது. ஊரில் ஒரே மேஸ்திரி இருந்தால் கூப்பிட்ட வேலைக்குக் கூப்பிட்ட நேரத்துக்குப் போகவேண்டும், ரெண்டு மேஸ்திரி இருந்தால்தான் கூலிக்காரனுக்கு மரியாதை என்பான் தேவா. கழுத்து வலிக்கிறது, இந்த மாதம் ஆடமாட்டேன் என்று செம்பட்டை சொல்லியிருக்கலாம். மாத்திரை போட்டுக்கொண்டு ஆடியிருக்கமாட்டான். நாற்பத்தோரு வயசில் ஏதோ ஒரு லாட்ஜ் ரூமில் செத்துக் கிடந்திருக்கமாட்டான்.

ஒரு தோள். அதுவும் அரை நொடி.

இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்து ஆடுவதாமே, ஜெயிக்கிறது தோற்கிறது எல்லாம் யாரோ எழுதிக்கொடுப்பதாமே என்று ஒருநாள் கேட்டேன். மில்லில் யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"முடிவுதாங்க்கா எழுதனது. விழறது நெஜம்" என்றான். "முதுகு நெஜமாத்தான் கீழ படும்."

அதோடு விடவில்லை. தோற்கிறவன்தான் பெரிய வேலைக்காரன் என்றான். அவன் ஒழுங்காகத் தோற்றுக்கொடுத்தால்தான் ஜெயிக்கிறவன் ஜெயித்த மாதிரி தெரியுமாம். நான் ட்யூபைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் எனக்கு ஒரே பயம். இன்றைக்கு அந்த நெல்லடிக்கும் களத்துக்கு வந்துவிடுவானோ என்று. வராவிட்டால் அதுவும் ஒரு வேதனை. என் மேல் கோபம் இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை கேட்கவேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகிற கேள்வி.

போன ஐப்பசியில் ஜுரம் வந்தது. மூத்திரத்தில் வந்த கிருமி கிட்னிக்குப் போய்விட்டது. நூற்றெட்டு வண்டியில் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். ரெண்டு கிட்னியும் போய்விட்டது, டயாலிசிஸை உடம்பு தாங்கவில்லை என்று ஆறாம் நாள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பக்குவமாகத்தான் சொன்னார். தண்ணீர் கொடுக்கக்கூடாது, உதட்டைத் துணியால் நனைத்துவிடுங்கள் என்றார்.

அன்று மத்தியானம் தேவா போனைப் பிடிக்கச் சொன்னான். பதிவு போடவேண்டுமாம். அவன் கை வீங்கியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வணக்கம். இன்னிக்கிப் பாக்கப்போற ஆட்டம் உங்க யாருக்கும் தெரியாது" என்று ஆரம்பித்தான். "ரெண்டாயிரத்து மூணு, வளவனூர். ஒரு பக்கம் கலையரசி. இன்னொரு பக்கம் தேவா."

கலையரசி என் பேர். போனை ஆட்டாதே என்றான்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கிச் சொன்னான். "கலையரசி ஒண்ணு, ரெண்டு சொல்லிட்டு தூக்கிச்சி. தேவா எகிறல. ஏன் எகிறல? கரும்புக் கட்டுக்கு மூணு கெடையாது. அது தேவாவுக்கு நல்லாத் தெரியும், அவனும் அந்த ஊட்டுப் புள்ளதான். வேணும்னுதான் எகிறல. அக்காவக் கொஞ்சம் பயம் காட்டலாம்னு ஒடம்பக் கனமாக்கிக்கினான். தப்பு அவனோடது."

நிறுத்தி உதட்டைக் காட்டினான். நனைத்துவிட்டேன்.

"எகிறியிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேப்பீங்க. ஒண்ணும் ஆயிருக்காது. கீழ எறங்கி ஊட்டுக்குப் போயி கேப்பைக் கூழு குடிச்சிருப்பாங்க. தேவா பத்தாவதுல பெயிலாகி எங்கனா லோடு தூக்கிக்கினு இருந்திருப்பான். அவ்ளோதான். நன்றி வணக்கம்."

போனை அணைத்தேன். அவன் ஒரு நாள்கூடக் கரும்புக் கட்டில் கை வைத்ததில்லை. நானும் அந்தக் கணக்கை அவனுக்குச் சொன்னதில்லை. எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். திண்டிவனத்தில் தினம் காலையில் அவனைத் தூக்கும்போது கண்ணையனிடம் என்ன சொல்லித் தூக்குவேன்? ஒண்ணு, ரெண்டு, ஒரு மூச்சு. நாலு வருஷமாக அவன் உடம்பை அப்படித்தான் தூக்கினேன். ஏன் மூணு வரவில்லை என்பதை அவன் என் கையில் கிடந்தே கண்டுபிடித்திருக்கிறான்.

"பொய்டா தேவா" என்றேன். "அன்னிக்கி உனக்குத் தெரியாது."

"முடிவு எழுதனதுதாங்க்கா."

பிறகு கேட்டுவிட்டேன்.

"எம்மேல உனக்குக் கோவமே இல்லியா?"

"இருந்துச்சி" என்றான்.

எதுவரைக்கும் இருந்தது என்று கேட்டேன். தண்ணி குடு என்றான். கொடுக்கக்கூடாது. துணியை நனைத்து வைத்தேன். அவன் அதைப் பல்லால் கடித்துச் சப்பினான். அப்படியே கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி கேட்க எனக்கு மனசு வரவில்லை.

தான் போனபிறகு இந்தப் பதிவைப் போடச் சொல்லியிருந்தான். நான் போடவில்லை. போடமாட்டேன். அதில் ஜெயிக்கிறது நான். பன்னிரண்டு வயசில் என் கையைப் பார்த்து முடிவை மாற்றினான். முப்பத்து நாலு வயசிலும் அதையேதான் செய்தான். செம்பட்டை ஜெயித்ததை நம்பினேன், ஏனென்றால் நான் பார்க்கவில்லை. களத்தில் நான் இருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டான். கண்ணையன் வண்டி பேசப் போயிருந்தார். வார்டு ஊழியர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார், அறுபது வயசிருக்கும். கூட வரவேண்டிய ஆள் வேறு வார்டில் இருப்பதாகவும், கால்பக்கம் நான் பிடித்தால் போதும் என்றும் சொன்னார். விரிப்போடு சேர்த்துப் பிடித்தேன்.

அவர் ஒண்ணு என்றார். ரெண்டு என்றார். மூச்சை இழுத்துத் தூக்கினார்.

நான் தூக்கவில்லை. கை பிடித்தபடி அப்படியே நின்றேன். தலைப்பக்கம் மட்டும் மேலே போய், தேவாவின் உடம்பு கோணிக்கொண்டு என் பக்கம் சரிந்தது. அவர் பதறி மறுபடி கீழே வைத்தார்.

"இன்னாம்மா, வேல செய்யற கை மாதிரி இருக்குது, தூக்கத் தெரியலியா?"

"மூணு சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். விரிப்பை மறுபடி சுருட்டிப் பிடித்தார். ஒண்ணு என்றார். ரெண்டு என்றார். கொஞ்சம் நிறுத்தினார்.

"மூணு."

தூக்கினேன்.