ஷட்டருக்குக் கீழே

விடியும் முன்பே, தகட்டில் ஒடுக்கெடுக்கும் டிங்கர், காரிலிருந்து கழற்றிய கதவின் மேல் குனிந்துவிட்டார். மரச் சுத்தியலால் ஒரு தட்டு, உள்ளங்கையால் ஒரு தடவல். கண்ணுக்குத் தெரியாத மேடு அவர் கைக்குத் தெரிந்தது. தோள்பட்டை நெருப்பாக எரிந்தது.

மூன்று வாரமாகப் பட்டறை ஷட்டரை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிவரை, உள்ளே உருவாகும் புதுக் காரை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். செல்போன்களெல்லாம் முதலாளி வசம். உள்ளே டிங்கர், வெல்டர், பெயிண்டர், சீட் தைக்கும் அக்கா, நான்கு பேர்.

"ஜெயில்லகூட ஜன்னல் வச்சிருப்பான்" என்றாள் அக்கா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தூசி கிளப்புகிறதென்று பெரிய விசிறியையும் நேற்று முதலாளி நிறுத்திவிட்டார். பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாடை கனத்துத் தொங்கியது. பாதிக் கூரைக்குப் பெயிண்ட் அடித்திருந்த பெயிண்டர், "தலை சுத்துதுண்ணே" என்றார். அடுத்த நொடி கால் மடங்கிச் சரிந்தார். முகமூடியைக் கழற்றினால் உதடு நீலம் பாரித்திருந்தது.

வெல்டர் ஓடிப்போய் ஷட்டரை உதைத்தான்.

"சாவி முதலாளிகிட்ட இருக்குப்பா!" வெளியே காவல்காரர் பதறிப்போய்ப் போனை எடுத்தார். சற்று நேரத்தில் மறுபடி அவர் குரல் வந்தது. "போன் பண்ணிட்டேன், வர்றாராம்."

"கிரைண்டரை எடுங்கண்ணே, தகட்டை அறுத்துடலாம்" என்றான் வெல்டர்.

"வேணாம்டா" என்றார் டிங்கர். "இந்த வாடையில ஒரு பொறி பறந்தா நாலு பேரும் கரிக்கட்டை."

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பெயிண்டரை இழுத்துவந்து, மூக்கு அந்த இடைவெளியில் படும்படி கிடத்தினார்கள். அக்கா ஒரு தோல் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தாள். முதலாளி வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

ஷட்டர் உயர்ந்தது. கிடந்தவரைத் தாண்டி உள்ளே போன முதலாளி, கார்க் கூரையைப் பார்த்தார்.

"என்னய்யா, பாதியில நிக்குது?"

வெல்டர் பெயிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஒரு வண்டியை மறித்து ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"வேற பெயிண்டர் மத்தியானம் வருவான். நீங்க வேலையைப் பாருங்க" என்றார் முதலாளி.

"விசிறியைப் போடுங்க முதலாளி. ஷட்டரும் திறந்தே இருக்கட்டும்" என்றார் டிங்கர்.

"எவனாவது படம் எடுத்தா நீயா பதில் சொல்லுவே? மூணே நாள், பல்லைக் கடிச்சுக்க. முடியாதுன்னா கிளம்பு. இந்த வேலைக்கு நான் நீன்னு வந்து நிக்கிறானுங்க." ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியை எடுத்தார் முதலாளி.

முப்பது வருஷத்தில் எந்த முதலாளியிடமும் குரல் உயர்த்தாத மனுஷர் டிங்கர். ஆனாலும் காரின் பின்னால் போய்க் கூரை விளிம்பில் கை ஊன்றினார். ஈரப் பெயிண்டில் பத்து விரலும் பதிந்தன. அக்கா எழுந்து வந்து மறுபக்கம் தோள் கொடுத்தாள். எஞ்சின் ஏற்றாத கூடு, உருண்டு போய் வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது.

"ஏய்! தூசி படியுது!"

"படியட்டும்" என்றாள் அக்கா. "இப்ப இறக்குங்க ஷட்டரை. கார் மேலதான் இறங்கும்."

காவல்காரர் ஒரு செங்கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

"நீயுமாய்யா?"

"அந்தச் சாவி என்கிட்ட இருந்திருக்கணும், முதலாளி."

கம்பியைக் கீழே போட்டுவிட்டு முதலாளி யாருக்கோ போன் செய்யத் தொடங்கினார். பெயிண்டர் எப்படி இருக்கிறார் என்று இன்னும் சேதி வரவில்லை.

எதிர்ப் பட்டறையில் லேத் ஓசை நின்றது. கையைத் துடைத்தபடி ஐந்தாறு பேர் தெருவில் இறங்கி வந்தார்கள்.

"என்னண்ணே ஆச்சு?"

டிங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.