வலது பக்கத்து மழை

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்குக் கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. மோட்டாரைக் கழற்றும்போதும் சரி, பெல்ட்டை மாட்டும்போதும் சரி, ஒரே மெட்டை முனகிக்கொண்டிருப்பான். கல்யாணமான புதிதில் மனைவி, "என்ன பாட்டு இது, நல்லா இருக்கே" என்று ஆசையாகக் கேட்டாள். "சண்டை கேம்ல வர்றது" என்று அவன் சொன்னதும் அந்த ஆசை அடங்கிவிட்டது.

விளையாட்டின் பெயர் 'கல் முஷ்டி'. மொத்தம் மூன்று பாகங்கள். மூன்றாவது வந்த கையோடு கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்புறம் அதைச் சீந்த ஆளில்லை. தன் வயதுக்காரர்களிடம் பேச்செடுத்தால், ஊரறிந்த வேறொரு விளையாட்டைச் சொல்லி "அதுதானே?" என்பார்கள். "அது இல்லப்பா" என்று தொடங்கி, துடுப்பால் அடிக்கும் படகோட்டிப் பெண்ணையும், தோற்றால் சப்பணம் போட்டு உட்கார்ந்து அழும் குண்டுக் கொல்லனையும் அவன் விவரிப்பதற்குள் எதிரில் இருப்பவர் செல்போனைத் தடவ ஆரம்பித்திருப்பார்.

அந்தக் கொல்லனை நினைவில் வைத்திருந்த ஒரே ஆள் அவன் அக்காதான். பள்ளி விட்டதும் இருவரும் வீடியோ கேசட் கடைக்கு ஓடுவார்கள். கடை மூலையில் ஆளுயரப் பெட்டியாக நின்றது அந்த விளையாட்டு. இவன் படகோட்டி, அக்கா கொல்லன். இரண்டாம் பாகத்தில் மழை கொட்டும் பழைய ரயில் நிலையத்தில் ஒரு சண்டை வரும். அங்கே கேட்ட மெட்டுதான் இவன் வாயில் ஒட்டிக்கொண்டது. அதைக் கேட்பதற்காகவே கையை ஓங்காமல் தள்ளித் தள்ளி நிற்பான். அக்கா விடுவாளா? சாத்து சாத்தென்று சாத்திவிடுவாள்.

எத்தனையோ வருடம் இணையத்தில் துழாவியும் அந்த இசை கிடைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, ரிப்பேர் பார்த்த மெஷின் ஒரு சுற்று ஓடி முடியட்டும் என்று ஒரு வீட்டில் காத்திருந்தபோது செல்போனில் அது கண்ணில் பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டாம் பாகத்தின் இசை முழுவதையும் ஏற்றியிருந்தார். அதுவரை கேட்டவர்கள் பத்தொன்பது பேர். தனியாகக் கேட்க அவனுக்கு மனசு வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டான்.

"மத்தியானம் வா. சாப்பாட்டு நேரத்துல ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றாள்.

அக்கா வேலை பார்ப்பது காது பரிசோதிக்கும் கிளினிக்கில். அவள் மேசையிலேயே போனை வைத்து, ரயில் நிலையப் பாட்டைத் தட்டினான். முரசு அதிர்ந்தது. அதன் மேல் ட்ரம்பெட் ஏறிக் காதைக் கிழித்தது. அடியில் எங்கோ வேறொரு இசை நசுங்கிக்கொண்டிருந்தது. பாதியிலேயே நிறுத்தினான்.

"இது இல்லக்கா."

"பேரு அதுதானே போட்டிருக்கு?"

"பேரு அதுதான். பாட்டு இது இல்ல." அவன் முகம் தொங்கிப்போனது. "இத்தனை வருஷமா நானே எதையோ கற்பனை பண்ணிப் பாடிட்டு இருந்திருக்கேன் போல."

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கும் அந்த மெட்டு தெரியும். துணி மடிக்கும்போது அவளும் முனகுவாள், தம்பியிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். கையிலிருந்த கவளத்தை டப்பாவில் போட்டுவிட்டு யோசித்தாள்.

"அந்தப் பெட்டில ரெண்டு ஸ்பீக்கரும் வேலை செஞ்சுதாடா?"

"இடது பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. கடைக்காரர் அந்த ஓட்டைலதானே பேனா சொருகி வைப்பார்."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே உறைத்தது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பரிசோதனை அறை அலமாரி அளவுதான் இருந்தது. வெளிச் சத்தம் நுழையாத கனமான கதவு, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி ஜன்னல். அவனை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். பழக்க தோஷத்தில், நோயாளிகளுக்குக் கொடுக்கும் பட்டனையும் கையில் திணித்தாள்.

"கேட்டா அழுத்து."

கதவு மூடியதும் தன் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே அக்கா போனைக் கருவியில் இணைத்து, இடது பக்கத்தை அடியோடு குறைப்பது தெரிந்தது.

வலது காதில் மழை பெய்தது. அதற்குள்ளிருந்து ஒரு புல்லாங்குழல் தயங்கித் தயங்கி வந்தது. அதன் பின்னால் ஒரு தந்தி வாத்தியம், நின்று நின்று, சொட்டுவதுபோல. முரசு இல்லை, ட்ரம்பெட் இல்லை. அவன் முனகிய அதே மெட்டு, ஒரு சுரம்கூடப் பிசகாமல்.

வெளியே அக்காவின் மேசையில் சிறிய விளக்கு எரிந்தது. சத்தம் கேட்டதும் அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அவன் எடுக்கவில்லை. பாட்டு முடியும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அக்கா அதைப் பார்த்தபடி, பாதிச் சாப்பாட்டை மறந்து நின்றாள்.

அவன் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "உள்ள ஒரே தூசி" என்றான்.

"காலைலதான் துடைச்சேன்" என்றாள் அவள். பிறகு ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு தானே போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் வலது பக்கத்தை ஒருமுறை ஓடவிட்டான். அடுத்து இடது பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தபடி வந்தாள்.

"அந்த ஸ்பீக்கர் நல்லா இருந்திருந்தா நீ பாட்டுக் கேட்டுட்டு நின்னிருக்க மாட்டே. நானும் அவ்வளவு ஜெயிச்சிருக்க மாட்டேன்."

"அப்போ இத்தனை நாள் உன் திறமைன்னு பீத்திக்கிட்டது?"

"திறமையும்தான்."

அதற்குள் காது மந்தமான ஒரு பெரியவர் வந்துவிட, பேச்சு அத்தோடு நின்றது. மெக்கானிக் வேனில் போய் உட்கார்ந்து, அந்த இசையை ஏற்றியவருக்கு எழுதினான்: 'இடது பக்கத்தை அணைத்துவிட்டு ரயில் நிலையப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.'

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. 'கேட்டேன். இத்தனை வருடம் இது என் காதில் விழவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?'

அப்போது அவன் ஒரு அடுக்குமாடிக்குக் கீழே வேனை நிறுத்தியிருந்தான்; மேலே ஒரு வீட்டில் மெஷின் ரிப்பேருக்கு அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்று அவர்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, கேசட் கடையிலிருந்து தொடங்கி எழுத ஆரம்பித்தான்.